ஆராய்ச்சி யாருக்கு?

கற்றவனுக்கு ஒரு கடன் உண்டு. தான் கற்றதைக் கற்க வாய்ப்பில்லாதவனுக்கும் கிடைக்கச் செய்வதே அந்தக் கடன். இதனை மறுப்பார் எவரும் இலர். மேடைதோறும் பேசுகிறோம், சங்கத்தின் மலர்தோறும் எழுதுகிறோம். ஆனால், எந்த அறிவை, யாருக்கு என்று கேட்டால் அங்கேதான் நம் நாக்குத் தடுமாறுகிறது. அணுவைப் பற்றித் தமிழில் எழுதலாம். விண்கலத்தைப் பற்றி எழுதலாம். நீரிழிவைப் பற்றியும் எழுதலாம். திருநங்கையர் மேற்கொள்ளும் மருத்துவத்தைப் பற்றி எழுதலாமா என்றால், "அதெல்லாம் இங்கே எதற்கு?" என்ற குரல் எழுகிறது. அதை எழுத வேண்டிய இடமே இதுதான் என்பது என் கருத்து. அக்கருத்தை நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அன்பர்களே! முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். திருநங்கையரின் உரிமை பற்றிய சட்ட விவாதம் என் பொருளன்று. அதைப் பற்றி 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்த வாதங்களைச் சட்டம் பயிலும் நண்பர்கள் எழுதட்டும். அவர்களை மதிக்க வேண்டுமா என்ற ஐயமோ தமிழ் கற்றவனுக்கு எழவே கூடாது. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொல்லை உயர்திணையில் வைத்து, உயர்திணைக்குரிய முடிபே அதற்கும் உரியது எனத் தொல்காப்பியர் என்றோ இலக்கணம் வகுத்துவிட்டார். நான் பேச வந்தது மருந்தைப் பற்றி. அம்மருந்தைப் பற்றி உலகம் அறிந்திருப்பதும் அதை உண்பவர் அறியாதிருப்பதும் பற்றி.

பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்ட ஒருவர், தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து, உடலையும் அவ்வுணர்வுக்கு இசைய மாற்றிக்கொள்ள விரும்பினால் மருத்துவம் இன்று இரண்டு பெரிய உதவிகளைச் செய்கிறது. ஒன்று, ஹார்மோன். பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரடயாலைக் கொடுத்து, ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனின் வேலையை அடக்குவர். மற்றொன்று, அறுவை. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இந்நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. அப்பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எனினும், மருத்துவ உதவி கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக, வகைப்பாட்டிலிருந்து அறவே நீக்காமல் பாலியல் நலம் பற்றிய பகுதியில் வைத்தது. இது நோயன்று, ஆனால் மருத்துவம் வேண்டும் நிலை என்பதே அதன் பொருள். கருவுற்ற தாய்க்கும் மருத்துவர் தேவைப்படவில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

இனி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டு நிலைமைக்கு மிகவும் நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டை முதலில் கூறுகின்றேன்.

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்துக்கு வந்திருந்தவர்களில் விழுப்புரம் பக்கத்துத் திருநங்கை ஒருவரும் இருந்தார். இந்த வடநாட்டு ஊரிலே பல ஆண்டுகளாக வாழ்பவர். தமிழ் கேட்கலாம் என்று வந்தவர். நான் மருந்தியல் மாணவன் என்று அறிந்ததும் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "தம்பி, இதை ஒரு நாளைக்கு நாலு போடறேன். ஆறு போட்டா சீக்கிரம் மாற்றம் தெரியும்னு சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்டார். அது மாலா-டி, மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கருத்தடை மாத்திரை. "அக்கா, யார் சொன்னது?" என்றேன். "எங்க ஆளுங்கதான். டாக்டர்கிட்டப் போனா நம்மளப் பாத்த உடனே மூஞ்சியத் திருப்பிக்கறாரு. வேற யாருகிட்டக் கேக்கறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்டு கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. மாலா-டியின் ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் இருக்கிறது. இஃது ஈஸ்ட்ரடயாலின் செயற்கை உருவம். கல்லீரல் இதனை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஆகவே இது கல்லீரலிலே நீண்ட நேரம் தங்கி, இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களின் அளவைக் கூட்டுகிறது. நாளைக்கு நான்கு மாத்திரை என்றால் 120 மைக்ரோகிராம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று 1972 முதல் இம்மருத்துவத்தைச் செய்து, வந்தோரின் குறிப்புகளைச் சீராகப் பேணி வருகிறது. அங்கே ஒரு காலத்தில் கொடுத்து வந்ததும் அதே மருந்துதான். நாள் ஒன்றுக்கு 100 மைக்ரோகிராம். 816 திருநங்கையரின் குறிப்புகளை ஆராய்ந்து அவர்கள் 1997-இல் வெளியிட்ட முடிவு என்ன? நரம்பிலே இரத்தம் உறைந்துபோகும் கேடு எதிர்பார்த்த அளவைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு காணப்பட்டது. 40 வயதைக் கடந்தோர்க்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரடயாலை அவர்கள் கொடுக்கத் தொடங்கிய பின், அக்கேடு குறைந்தது. எத்தினைல் ஈஸ்ட்ரடயால் இரத்தத்தின் உறையும் போக்கைப் பெரிதும் கூட்டுகிறது, இயற்கை ஈஸ்ட்ரடயால் அவ்வாறு செய்வதில்லை என்று 2003-இல் மற்றோர் ஆய்வும் காட்டியது. இன்று எந்த நல்ல மருத்துவ வழிகாட்டி நூலும் திருநங்கையர்க்கு எத்தினைல் ஈஸ்ட்ரடயாலைக் கொடுக்கச் சொல்வதில்லை.

ஐரோப்பா கைவிட்ட மருந்தை, ஐரோப்பா கொடுத்த அளவினும் மிகுதியாக, எவரும் கண்காணிக்காத நிலையிலே நம்மவர் உண்கின்றனர். இதைவிடக் கொடுமை வேறென்ன? அந்த அட்டையில் இருக்கும் 28 மாத்திரைகளில் 21-இல்தான் ஹார்மோன் உண்டு. எஞ்சிய 7 வெறும் இரும்புச் சத்து. அதையும் சேர்த்து விழுங்குவோர் உண்டு. ஹார்மோன் உள்ள மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜனுடன் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மற்றொரு பொருள் கலந்திருக்கிறது. அதற்கு ஆண் ஹார்மோனின் சாயல் சற்று உண்டு. எந்த மாற்றத்தை வேண்டி உண்கிறாரோ அதற்கு எதிரான ஒன்றையும் சேர்த்து உண்கிறார்! மருத்துவரிடம் சென்று ஈஸ்ட்ரடயால் அளவைச் சோதித்தாலோ, வழக்கமான இரத்தச் சோதனையில் இச்செயற்கைப் பொருள் தென்படுவதில்லை. அளவு குறைவு என்று எண்ணி இன்னும் கூட்டிவிடும் அபாயமும் இருக்கிறது.

"ஆறு போட்டால் சீக்கிரம் மாற்றம் தெரியுமா?" இதற்கும் விடை உண்டு. ஐரோப்பாவில் 229 திருநங்கையரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. மார்பு வளர்ச்சி பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே நிகழ்ந்தது. இரத்தத்தில் ஈஸ்ட்ரடயால் கூடுதலாக இருந்தவர்க்குக் கூடுதல் வளர்ச்சி உண்டாகவில்லை. மாத்திரையைக் கூட்டினால் மார்பு கூடாது. கூடுவது இரத்தம் உறையும் ஆபத்துதான். முகத்து மயிரை ஹார்மோன் மெலியச் செய்யுமேயன்றி அறவே போக்காது. உடைந்த குரலை மீண்டும் மென்மையாக்காது, அதற்குப் பயிற்சி வேண்டும். பிற்காலத்தில் பிள்ளை பெறும் ஆசை இருந்தால் மருந்து தொடங்குமுன்னே விந்தணுவைச் சேமித்து வைக்க வேண்டும். இவை யாவும் மருத்துவ நூல்களில் உள்ள எளிய செய்திகள். இவற்றைச் சொல்ல அரைப் பக்கத் தமிழ் போதும். அந்த அரைப் பக்கம்தான் அந்த அக்காவின் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற ஒரு வரி, ஓர் உயிரைக் காக்கக் கூடியது. அந்த வரியும் சேரவில்லை.

ஆராய்ச்சியைப் பகிர்ந்துகொண்டால் என்ன நன்மை என்பதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஐரோப்பாவில் சைப்ரோடிரோன் என்ற மருந்தைப் பல்லாண்டு நாளைக்கு 50, 100 மில்லிகிராம் எனத் தாராளமாகக் கொடுத்து வந்தனர். பிரான்சு நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. அப்பெண்கள் திருநங்கையர் அல்லர். வேறு காரணங்களுக்காக அம்மருந்தை உண்டவர்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்ற கட்டி, மருந்து மிகச் சிறிதளவே உண்டவர்களிடையே ஆண்டுக்கு இலட்சம் பேரில் 4.5 என்றும், மிகுதியாக உண்டவர்களிடையே 23.8 என்றும் காணப்பட்டது. உண்ட மருந்தின் மொத்த அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறிற்று. அதே 2021-இல் ஆம்ஸ்டர்டாம் குழுவினர், நாளைக்கு 10 மில்லிகிராமே டெஸ்டோஸ்டிரோனை அடக்கப் போதுமானது, மேலும் கொடுப்பதால் மேலும் பயன் இல்லை என்று காட்டினர். பத்தில் ஒரு பங்கு மருந்து. பயன் அதே பயன்! ஒரு நாட்டார் கண்ட தீமையை மற்றொரு நாட்டார் அறிந்து, இன்னொரு நாட்டார் கண்ட தீர்வை யாவரும் அறிந்தால் அல்லவா மருந்தின் அளவு குறையும்?

அறிவை ஒருவர் கைக்குள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் ஜார்ஜ் பூரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1956 முதல் திருநங்கையர்க்குப் புதுமுறை அறுவை ஒன்றைச் செய்து வந்தார். பிற்காலத்தில் உலகெங்கும் கைக்கொண்ட முறைக்கு அடிப்படை அதுவே. ஆயினும் அவர் எழுதி வெளியிட்டது மிகக் குறைவு. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கூடிய மாநாட்டில் அவர் தம் முறையை எடுத்து விளக்கும்போது 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் அம்முறையை வேண்டியவர் கடல் கடந்து அவரிடமே செல்ல வேண்டியிருந்தது. பொருள் இல்லாதவர் என் செய்திருப்பார்?

பொருள் இல்லாதவர் என் செய்வார் என்பதை நம் நாட்டிலே காணலாம். தாயம்மா கையால் நிர்வாணம் செய்துகொள்வது என்று அவர்கள் கூறும் பழைய முறையை நண்பர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மயக்க மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. திருநங்கையர் தமிழிலேயே எழுதிய வாழ்க்கை வரலாறுகள் இவ்வேதனைகளை நமக்குக் காட்டியுள்ளன. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் ஏற்பட்டதும், அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவைக்கு வழி பிறந்ததும் நாம் பெருமை கொள்ள வேண்டிய செய்திகள். ஆனால், அறுவையோடு கதை முடிவதில்லை. விதைகளை நீக்கிய பின் உடலில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை என்ற நிலை நீடித்தால் எலும்பு நாளடைவில் வலுவிழக்கும். இளமையில் அறுவை செய்துகொண்டு, பின் மருந்தே உண்ணாமல் வாழும் ஒருவர்க்கு இதை யாரேனும் சொன்னார்களா? "அறுவை முடிந்தது, இனி மருத்துவர் எதற்கு?" என்று இருந்துவிட்டால் முதுமையிலே சிறு வீழ்ச்சியும் எலும்பை முறிக்கும்.

ஆராய்ச்சி சொல்வதெல்லாம் அச்சுறுத்தும் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். நெதர்லாந்தில் ஹார்மோன் மருத்துவம் பெற்ற 2,260 திருநங்கையரை ஆராய்ந்தபோது பரவும் தன்மையுள்ள மார்புப் புற்று 15 பேரிடம் காணப்பட்டது. 2019-இல் இது வெளியாயிற்று. ஆண்களைவிட மிகுதி, மற்றப் பெண்களைவிடக் குறைவு. ஆகவே, மற்றப் பெண்கள் செய்துகொள்ளும் சோதனைகளை இவர்களும் செய்துகொண்டால் போதும், பீதி வேண்டியதில்லை. உண்மையை அறிவது அச்சத்தைப் பெருக்கவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அளவான அச்சத்தைத் தருவதே அறிவின் வேலை.

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம்.

"இது நாகரிகமான பேச்சன்று, சங்க இதழில் வேண்டாம்" என்பர் சிலர். உடலைப் பற்றிய பேச்சு நாகரிகமற்றது என்றால் மருத்துவக் கல்லூரியை முதலில் மூட வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் பிற மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். உடலின் எந்த உறுப்புக்குப் பெயர் சொல்ல அவர் கூசினார்? கடல் கடந்து வந்தவர்க்கு இல்லாத கூச்சம் தமிழர்க்கு எதற்கு?

"சொல்லிக் கொடுத்தால் இளைஞர் பலரும் இம்மருந்தை நாடத் தொடங்கிவிடுவர்" என்பர் வேறு சிலர். மாத்திரை கடையிலே இருக்கிறது. கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. மாத்திரையைப் பரப்பியது ஆராய்ச்சியன்று. மாத்திரையோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய எச்சரிக்கை மட்டுமே போகவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு விளக்கை மட்டும் அணைப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

"மருத்துவர் பார்த்துக்கொள்வார், மாணவர்க்கு என்ன வேலை?" என்பது மூன்றாவது மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு. மருந்தின் அளவைக் குறிக்க வேண்டியவர் மருத்துவரே, நாம் அல்லோம். ஆனால் மருத்துவர்க்கே இது கற்பிக்கப்பட்டதா? சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் இக்குறையைச் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம், இம்மக்களை இழிவுபடுத்தும் பாடங்களைக் கற்பிக்க வேண்டாம் என மருத்துவக் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன் பயின்று வெளிவந்த மருத்துவர் எத்தனை ஆயிரம்! 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, உலகத் தொழில்முறை வழிகாட்டுதல்களுக்கு இசைய ஒரு மருத்துவக் கையேட்டை அரசு வெளியிட வேண்டும் என்று விதித்தது. அறிவைப் பரப்புவது சட்டமே விரும்பிய செயல். நன்கறிந்த நோயாளி மருத்துவர்க்குப் பகைவன் அல்லன், துணைவன்.

"இவ்வாராய்ச்சிகள் முடிந்த முடிபா?" என்று கேட்பாரும் உளர். நல்ல கேள்வி. முடிந்த முடிபு அல்ல. பெரும்பாலானவை, மருந்து உண்டவரைப் பின்தொடர்ந்து கண்டவை. உண்டவரையும் உண்ணாதவரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. மிகப் பல, ஐரோப்பிய உடல்களில், சில மருத்துவமனைகளில் கண்டவை. இந்தியாவில் நடந்தவை குறைவு. 18 வயது நிரம்பாதோர்க்கு இம்மருத்துவம் செய்வது பற்றி இங்கிலாந்தில் 2024-இல் வெளியான காஸ் அறிக்கை, சான்றுகள் வலுவற்றவை என்று கூறியது. அதனை ஏற்காத மருத்துவச் சங்கங்களும் உண்டு. இவற்றையும் மறைக்காமல் சொல்வதே பகிர்தல். வேண்டியதை மட்டும் எடுத்துச் சொன்னால் அது பிரசாரம். கேட்பது யார் வாயிலிருந்து ஆயினும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்ற வள்ளுவர் கருத்து இரு தரப்புக்கும் பொதுவானது.

மாணவ நண்பர்களே! இந்த இடத்தில் வரலாற்றின் ஒரு பக்கத்தை உங்கள் முன் விரிக்காமல் இருக்க முடியவில்லை. பெர்லின் நகரில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-இல் பாலியல் அறிவியல் கழகம் ஒன்றை நிறுவினார். இத்துறையின் முதற் பெரும் நூலகமும் ஆவணங்களும் அங்கேதான் சேர்ந்தன. 1933 மே 6-ஆம் நாள் ஒரு கூட்டம் அக்கழகத்துள் புகுந்து சூறையாடியது; நான்கு நாள் கழித்து, மே 10-ஆம் நாள், அந்நூல்கள் பொதுச் சதுக்கத்தில் நெருப்புக்கு இரையாயின. சூறையாட முன்னின்றவர் யார்? படையினரா? போக்கிரிகளா? மாணவர்கள்! உங்களையும் என்னையும் போல் கல்லூரியில் பயின்ற மாணவர்கள். அன்று எரிந்த ஏடுகளை மீண்டும் எழுத எத்தனை ஆண்டுகள் பிடித்தன! எரிப்பது ஒரு வகை. அகற்றுவது மற்றொரு வகை. 2025 ஜனவரி இறுதியில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் இம்மக்களைப் பற்றிய பக்கங்கள் பலவற்றைத் தன் இணையத் தளத்திலிருந்து அகற்றியது. அடுத்த மாதமே, நீக்கியவற்றுள் பலவற்றை மீண்டும் வைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இருந்தும் எட்டாமல் வைப்பது. நம் நாட்டில் நடப்பது அதுவே.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படிக்க வெளியார் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். நமக்கோ அந்தத் தடை இல்லை. 2024 நவம்பர் 25-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினர். அது யார் பணம்? அந்தத் திருநங்கை அக்கா தேயிலைப் பொட்டலத்துக்குக் கட்டும் வரியும் அதில் அடக்கம். அவர் பணத்தில் திறந்த கதவின் உள்ளே நாம் அமர்ந்திருக்கிறோம். அவர் வெளியே நிற்கிறார். ஆராய்ச்சியாளர்க்கு இரத்தமும் எலும்பின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் கொடுத்தவர்களும் அவரைப் போன்றவர்களே. ஆய்வுக்கு உட்பட்டோர்க்கு அதன் முடிவை அறியும் வாய்ப்பு வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கை கூறுகிறது. முடிவு அவர் அறியாத மொழியில், அவர் நுழைய முடியாத இடத்தில் இருந்தால் அந்த வாய்ப்புக்கு என்ன பொருள்?

ஆகவே, நம் சங்கம் ஒரு சிறு பணியை மேற்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகின்றேன். திருநங்கையர் மருத்துவத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளின் சாரத்தை எளிய தமிழில் சிறு சிறு தாள்களாக வெளியிடுவோம். அதற்குச் சில விதிகளும் வேண்டும்.

முதலாவது, எவர், எங்கே, எத்தனை பேரை, எத்தனை ஆண்டு ஆராய்ந்தனர் என்பதைத் தாளின் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். 20 பேரில் கண்டதும் 2,000 பேரில் கண்டதும் ஒன்றல்ல. ஆண்டையும் குறிக்க வேண்டும். பழைய தாள் புதிய உண்மையை மறைக்கக் கூடாது.

இரண்டாவது, மடங்குக் கணக்கை மட்டும் சொல்லி மயக்கக் கூடாது. 'ஐந்து மடங்கு' என்பது கேட்க அச்சமூட்டும், 'இலட்சத்தில் 4.5 என்பது 23.8 ஆகும்' என்பது புரிய வைக்கும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இன்ன மருந்தை இத்தனை உண்க என்று நாம் எழுதக் கூடாது. எதைக் கேட்க வேண்டும், எந்தச் சோதனை வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் ஓட வேண்டும் என்பதை எழுதுவோம். அச்சேறுமுன் ஹார்மோன் மருத்துவத்தில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

நான்காவது, திருநங்கையரே படித்துப் பார்த்து, "இது புரிகிறது, இது புரியவில்லை, இந்தச் சொல் எங்களைப் புண்படுத்துகிறது" என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2022-இல் இதற்கென ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. கலைச்சொல் ஆக்குவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியை இப்பட்டியலைப் பயன்படுத்துவதில் காட்டினால் போதும்.

ஐந்தாவது, எவர் பெயரும் எவர் கதையும் அவர் ஒப்புதலின்றித் தாளில் ஏறக் கூடாது. அறிவு பொதுவுடைமை, ஒருவரது உடலின் இரகசியம் பொதுவுடைமை அன்று.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இரண்டு மருந்தியல் மாணவர், ஒரு மொழிபெயர்ப்பாளர், மனம் இசைந்த ஒரு மருத்துவர், கேள்வி கேட்க இரண்டு திருநங்கையர் போதும். முதல் தாளின் பொருளும் ஆயத்தமாகவே இருக்கிறது: கருத்தடை மாத்திரையும் இரத்த உறைவும். எழுத்துப் படிப்பு இல்லாதவர்க்குப் படித்துச் சொல்லவும் செய்யலாம். அச்சடித்த தாளை மருந்துக் கடைக்காரர் கையிலும் கொடுப்போம். மாத்திரை விற்கும் கையே எச்சரிக்கையையும் கொடுக்கட்டும்.

தமிழால் முடியும் என்று முழங்குவது எளிது. அந்த முழக்கத்துக்குச் சோதனை, உயர்ந்த மேடையில் அல்ல. எவரும் பேச அஞ்சும் பொருளில், எவரும் பொருட்படுத்தாத மனிதர்க்கு, உயிர் காக்கும் ஒரு வரியைத் தமிழில் சொல்ல முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. நூலகத்தின் திறவுகோல் நம் கையில் இருக்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இம்முன்மொழிவை வைக்க இருக்கின்றேன். வழிமொழிய வருவோர் வருக! மறுக்க விரும்புவோரும் வருக. ஆனால் அந்த மாத்திரை அட்டைக்கு நீங்கள் என்ன விடை வைத்திருக்கிறீர்கள் என்பதையும் உடன் கொண்டு வருக!